வல்லாரையும் ஜெனரல் ஆஸ்பத்திரியும்

1850களில் ராயபுரத்துத் தொழுநோய் மருத்துவமனையில் வல்லாரைக்குப் பரீட்சை வைத்தார்கள். மொரீஷியஸ் தீவில் புவாலோ என்றொரு டாக்டர் இருந்தார். அவருக்கே தொழுநோய். இந்தக் கீரை அந்த நோய்க்குக் கேட்கிறது என்று 1852 வாக்கில் அவர் சொன்னது கடல் தாண்டிச் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. இங்கே அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1855இல் முடிவு சொன்னார். தொழுநோயைத் தீர்க்கும் மருந்து என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் நோய் முற்றாதவர்களுக்கு உடம்பு பொதுவாகத் தேறுகிறது. இவ்வளவுதான் தீர்ப்பின் சாரம். 1868இல் வந்த அரசாங்க மருந்து நூலில் வல்லாரைக்கு ஓர் இடமும் கிடைத்தது.

அந்தத் தீர்ப்பின் இரண்டு பாதிகளும் எனக்குப் பிடிக்கும். தீர்க்காது, தேற்றும். அதற்குப் பிறகு இந்த ஊரில் ஊரே பயந்த இன்னொரு நோய் வந்தது, எய்ட்ஸ். வல்லாரை போன்ற இலைகளும் கிழங்குகளும் மறுபடி கூப்பிடப்பட்டன. அப்போது அவ்வளவு நிதானமாகப் பேசியவர்கள் குறைவு. கடைக்காரன் முதல் பாதியை மறந்தான், டாக்டர் இரண்டாம் பாதியை மறந்தார்.

நான் யானைக்கவுனிக்காரன். கறுப்பர் நகரத்தைச் சுற்றி 1770ஐ ஒட்டி பால் பென்ஃபீல்டு கட்டிய மதிலில் ஒரு வாசல் அது. மதில் போய்விட்டது. மதிலுக்காக விதிக்க நினைத்து வசூலிக்க முடியாமல் போன வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோடாக நிற்கிறது. எங்கள் வீட்டிலிருந்து தெற்கே நடந்தால் சென்ட்ரலைத் தாண்டி ஜெனரல் ஆஸ்பத்திரியும் மருத்துவக் கல்லூரியும். கிழக்கே நடந்தால் பார்க் டவுன் ராசப்ப செட்டி தெரு, கந்தகோட்டம், நாட்டு மருந்துக் கடைகள். என் நைனா அந்தத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நிறுவைக்காரராக வாழ்நாள் முழுக்க நின்றவர். நான் பார்மசி டிப்ளமா படித்து அரசு மருந்தாளுநராகி 2022இல் ஓய்வு பெற்றேன். கடைசிப் பல வருடம், எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். ஆக ஒரே குடும்பத்தில் இரண்டு தராசு.

ராசப்ப செட்டி தெருச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று வாங்குகிறவர்கள் கேட்பதில்லை. அமுக்கராக் கிழங்கு இந்த ஊர் மண்ணில் விளைவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சௌர் பக்கத்துச் சரக்கு அது. சௌகார்பேட்டை சேட்டுகள் வழியாக, ரயிலில், சால்ட் கோட்டர்ஸ் கூட்ஸ் ஷெட்டில் மூட்டையாக இறங்கும். நைனா ஒரு கிழங்கை ஒடித்து முகர்ந்து பார்த்துத்தான் மூட்டையை ஒத்துக்கொள்வார். குதிரை மூத்திர வாடை வரவேண்டும். வாடை இல்லாவிட்டால் பழைய சரக்கு. திப்பிலியும் கடுக்காயும் மலைச் சரக்கு. வல்லாரை மட்டும் பக்கத்திலிருந்தே வந்தது. பச்சையாகக் கொத்தவால் சாவடிக் கீரைக்காரம்மாக்களிடம், காய்ந்ததாக எங்கள் கடையில். அதிலும் ஒரு தொல்லை உண்டு. பிரமி என்று கேட்டால் ஒரு கடையில் வல்லாரையைக் கொடுப்பார்கள், இன்னொரு கடையில் நீர்ப்பிரமியைக் கொடுப்பார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடி, உள்ளே இருக்கும் சரக்கும் வேறு. ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது என்றால் பொட்டலம் கட்டுகிறவரை என்ன சொல்ல?

இந்தத் தெருவுக்கு ஒரு பெருமை சேர்த்துச் சொல்லவேண்டும். ஹன்டர் ராயபுரத்தில் வல்லாரையைப் பரீட்சித்த அதே வருடங்களில், கந்தகோட்டத்துக்கு நடந்து வந்துபோகும் தூரத்தில், ஏழுகிணறு வீராசாமி தெருவில் ராமலிங்கர் குடியிருந்தார். 1858இல்தான் அவர் சென்னையை விட்டுக் கிளம்பினார். மூலிகைகளின் குணங்களைப் பட்டியலாகவே எழுதிவைத்தவர்; கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் அறிவு தெளிய உதவும் உணவாகச் சொன்னவர். ஒரே பத்தாண்டு, இரண்டு மைல் இடைவெளி. ஹன்டருக்கு இவரைத் தெரிந்திருக்க வழியில்லை, இவருக்கு ஹன்டரையும்.

ஆஸ்பத்திரியும் கடைத்தெருவும் நேருக்கு நேர் மோதியது 1918இல். சென்னை அரசாங்கம் நாட்டு மருந்துகளைச் சோதிக்கும் வேலையை ஜெனரல் ஆஸ்பத்திரியின் கௌரவ மருத்துவர் எம். சி. கோமனிடம் கொடுத்தது. 1920 வரை அவர் அடுத்தடுத்து அறிக்கைகள் எழுதினார். சில சரக்குகளைப் பாராட்டினார். வைத்திய முறைகளை மொத்தமாக அறிவியலுக்குப் புறம்பு என்று தள்ளினார். வைத்தியர்கள் கொதித்துப் போனார்கள். அந்தக் கொதிப்பின் விளைவாக 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்தது. கேப்டன் சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். 1923இல் அறிக்கை வந்து, 1920களின் நடுவில் அரசு இந்திய மருத்துவப் பள்ளியும் தொடங்கியது. கீழ்ப்பாக்கத்தில் அது இருந்த வளாகத்தில்தான் பின்னால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வந்தது. சித்தா படிப்பு அங்கிருந்து பாளையங்கோட்டைக்குப் போனது. கோமன் செய்ததில் குறை என்று நான் நினைப்பது அவர் தள்ளியதை அல்ல. ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாக எடுத்து ஒவ்வொரு நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். கடைத்தெருவில் யாரும் ஒற்றைச் சரக்கு வாங்குவதில்லை. அமுக்கராச் சூரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு, சர்க்கரை நூற்று இருபத்தெட்டு. நான் சின்னப் பையனாகக் கடையில் உட்கார்ந்து பெருக்கல் கற்றுக்கொண்டது இந்தச் சூரணத்தில்தான். இதில் அமுக்கரா மட்டும் வேலை செய்கிறதா, மிளகும் திப்பிலியும் அதைத் தூக்கிவிடுகின்றனவா என்று தனியாகப் பிரித்துப் பார்த்தால் பாதிதான் தெரியும். மிளகு பற்றிய இந்தக் கேள்வி தொண்ணூறு வருடம் கழித்து என் ஜன்னலுக்கே வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1986. மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எச்.ஐ.வி. தேடச் சொன்னார். இந்தியாவில் அது இல்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். நிர்மலா அரசுக் காப்பகமான விஜிலென்ஸ் ஹோமில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். வைக்க இடமில்லாமல் மாதிரிகளைத் தன் வீட்டு ஃபிரிஜ்ஜில் வைத்தார். ரயிலேற்றி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நடந்த விஷயத்தைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதே 1986இல் அமெரிக்காவில் நேவியா, ஜோர்டன், பிரைஸ் என்ற மூன்று நரம்பியல் டாக்டர்கள் எய்ட்ஸ் நோயாளிகளிடம் வரும் ஒரு வகைப் புத்திக் குறைவை விவரித்துப் பேர் வைத்தார்கள். யோசனை மந்தமாகிறது, நடை தடுமாறுகிறது, எதிலும் ஆர்வம் போகிறது. வைரஸ் நரம்பணுவுக்குள் நேராகப் போவதில்லை. ரத்தத்தின் வெள்ளணுக்களில் ஏறி, தொற்றின் ஆரம்ப நாட்களிலேயே மூளைக்குள் போய்விடுகிறது. அங்கே மூளையின் காவல் அணுக்களில் குடியேறுகிறது. அவை கக்கும் நச்சும் வைரஸின் சொந்தப் புரதங்களும் சேர்ந்து பக்கத்து நரம்பணுவை வாட்டுகின்றன. இந்தியாவில் பரவிய சி வகையில், டாட் என்ற புரதத்தில் ஒரே ஓர் இடம் மாறியிருப்பதைப் பெங்களூர் ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். அதனால் நம்மவர்களுக்கு மூளைப் பாதிப்பு குறைவாக இருக்கலாம் என்ற எண்ணம் இருந்தது. 2006இல் சென்னையிலேயே, சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்து நோயாளிகளை வைத்து வந்த ஆய்வு அந்த எண்ணத்தைக் குலைத்தது. வைரஸ் மருந்து தொடங்காத முப்பது பேரையும் தொற்றில்லாத முப்பது பேரையும் ஒப்பிட்டதில், தொற்றுள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நினைவிலும் வேகத்திலும் பிசகு தெரிந்தது.

ஜன்னலில் உட்கார்ந்தவனுக்கு இது ஆய்வுச் சொல்லாகத் தெரியாது. மாதம் ஒருமுறை ஒழுங்காக வந்துகொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர், மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே டப்பா எங்கே என்று கேட்பார். அவர் மனைவிதான் முதலில் சொன்னார்: "சார், இவருக்கு ஞாபகமே நிக்க மாட்டேங்குது. சில்லறை எண்ணத் தெரியலே." கவுன்சிலர் அவரை உட்காரவைத்து நான்கு சொல் சொன்னார். நாய், தொப்பி, பீன்ஸ், சிவப்பு. அப்புறம் விரலைத் தட்டச் சொன்னார். கையை முஷ்டி, உள்ளங்கை, பக்கவாட்டு என்று மாற்றி மாற்றி மேஜையில் வைக்கச் சொன்னார். 2005இல் எந்த மொழிக்காரருக்கும் ஒத்துவரும்படி உருவாக்கிய சோதனை அது. மொத்தம் பன்னிரண்டு மதிப்பெண், பத்து அல்லது அதற்குக் கீழே வந்தால் மேல் பரிசோதனை. லாரி டிரைவருக்குத் தொப்பி மட்டும் ஞாபகம் வரவேயில்லை. தொப்பி போடாத ஊரில் தொப்பியைக் கேட்டால் என்ன செய்வார் என்று கவுன்சிலரிடம் சொன்னேன்; அவர் சிரித்தார், மதிப்பெண்ணை மாற்றவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், மறதி வந்தால் முதலில் மறந்துபோவது மாத்திரை. மாத்திரை தவறினால் வைரஸ் ஏறும். ஏறினால் மறதி கூடும்.

இனி தாம்பரம். 1928இல் டேவிட் சௌரி முத்து என்ற டாக்டர் காசநோய்க்காகத் தொடங்கிய சானடோரியம், 1937இல் அரசு கைக்கு வந்து, நெஞ்சக நோய் மருத்துவமனை ஆனது. 1990களில் எய்ட்ஸ் நோயாளிகளை மற்ற இடங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பியபோது சேர்த்துக்கொண்ட இடம் அது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்தார்கள். கையில் மருந்து? மேலை நாட்டு முக்கூட்டு மாத்திரை 1996இல் வந்துவிட்டது, ஆனால் ஒரு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். அந்தச் சூன்யத்தில்தான் அங்கிருந்த ஆங்கில மருத்துவர் சி. என். தெய்வநாயகமும் உடனிருந்தவர்களும் சித்த மருந்தைக் கையில் எடுத்தார்கள். ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம். மூன்றின் ஆங்கில முதலெழுத்தைச் சேர்த்து ரான் என்று பேர். 2001இல் இந்திய மருத்துவர் சங்கத்து இதழில் அவர்கள் தங்கள் அனுபவத்தைக் குறிப்பாக வெளியிட்டார்கள். எடை கூடுகிறது, பசி எடுக்கிறது, தெம்பு வருகிறது என்பது நோயாளிகளும் சொன்ன விஷயம்.

அந்த வருடங்களில் எங்கள் தெருவில் அமுக்கராவுக்கு வந்த கிராக்கியை நைனா சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்ட்ரலில் இறங்கி நேராக வருவார்கள். தெலுங்கில் கேட்பார்கள், எங்கள் வீட்டுப் பேச்சும் அதுதான் என்பதால் நைனாவிடம் வாய் திறப்பார்கள். என்ன நோய் என்று சொல்லமாட்டார்கள். "தெம்புக்கு" என்பார்கள். ரசகந்தி மெழுகு கேட்டால் மட்டும் நைனா கொடுக்கமாட்டார். "அது வைத்தியர் கையில வாங்கணும். பத்தியம் கேக்காம வாங்கிட்டுப் போனா பல்லும் போகும், புத்தியும் போகும்" என்பார்.

அவர் சொன்னதில் கனமான விஷயம் இருக்கிறது. ரசகந்தி மெழுகில் ரசம் என்றால் பாதரசம். முறையாகச் சுத்தி செய்து, கந்தகத்தோடு கட்டி, அளவோடு கொடுத்தால் தீங்கில்லை என்பது சித்த வைத்தியர்களின் உறுதி. பாதரசம் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பதும் உறுதியான உண்மை. புத்தி மங்குகிறது என்று வந்த நோயாளிக்கு நரம்பைத் தாக்கக்கூடிய உலோகத்தைக் கொடுப்பதென்றால், ஒவ்வொரு தயாரிப்பையும் ஆய்வகத்தில் அளந்திருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது ஆங்கில ஆஸ்பத்திரிகளையும் சேர்த்தே சொல்லவேண்டும். மேகநோய்க்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகம் முழுக்க அவர்கள் கொடுத்ததும் பாதரசம்தான், அதுவும் எச்சில் ஒழுக ஒழுக. தாம்பரத்துக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். கொடுக்க வேறெதுவும் இல்லாத வார்டில் அவர்கள் ஏதோ ஒன்றைக் கொடுத்தார்கள், கொடுத்ததை எழுதிவைத்தார்கள், அதற்கு மேலாக அந்த நோயாளிகளைத் தொட்டார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து, ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொரு குழுவுக்கு வெறும் பொடி என்று பிரித்து, ஞாபகசக்தியையும் அளந்து பெரிய ஆய்வு ஒன்று எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.

எழுந்திருக்க முடியாது என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் இதே சென்னை அதற்கு முன்மாதிரி காட்டியிருந்தது. தரமணியில் எஸ். பி. தியாகராஜன் குழு, மஞ்சள் காமாலைக்கு நம் வீட்டுப் பாட்டிகள் அரைத்துக் கொடுக்கும் கீழாநெல்லியை ஹெபடைட்டிஸ் பி சுமப்பவர்களுக்குக் கேப்ஸ்யூலில் போட்டு, வெறும் கேப்ஸ்யூலோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 1988இல் 'லான்செட்' இதழில் வந்தது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் அந்தக் கட்டுரையில் பங்காளி. பிறகு வேறு நாடுகளில் செய்தபோது அதே பலன் வரவில்லை. வராததையும் அறிவித்தார்கள். எனக்கு அந்தக் கதை தோல்விக் கதையாகத் தெரியவில்லை. ஒரு செடியை நியாயமாக விசாரித்தார்கள், அவ்வளவுதான்.

எய்ட்ஸ் விஷயத்தில் விசாரணைக்குப் பதில் போஸ்டர் ஒட்டினார்கள். 1990களின் கடைசியில் சென்ட்ரல் மூத்திரச் சந்துகளில் "எய்ட்ஸ் பூரண குணம்" என்று லாட்ஜ் அறை எண்ணோடு ஒட்டியிருக்கும். 1954ஆம் வருட மாயமந்திர மருந்து விளம்பரச் சட்டம் இருந்தது. மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில், குணமாக்குவேன் என்று சொல்லக்கூடாத நோய்களின் வரிசையில் எய்ட்ஸும் சேர்ந்திருந்தது. போஸ்டருக்கு அட்டவணை தெரியுமா? வீட்டை அடகு வைத்து அங்கே போனவர்கள் பிறகு எங்களிடம் வந்தார்கள், சிலர் வரவேயில்லை. இதன் பெரிய வடிவத்தைத் தென்னாப்பிரிக்காவில் உலகம் பார்த்தது. அங்கே சுகாதார அமைச்சரே பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் சொல்லி வைரஸ் மருந்தைத் தாமதப்படுத்தினார். அந்தத் தாமதத்தால் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போனதாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்குப் போட்டார்கள். பூண்டின்மேல் குற்றமில்லை. மருந்துக்குப் பதிலாக அதை நிறுத்தியதுதான் குற்றம்.

2001இல் இந்திய நிறுவனமான சிப்லா, முக்கூட்டு மாத்திரையை ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. கடுமையான புத்தி மாறாட்டம் அதன்பிறகு அரிதாகிவிட்டது. மூளையைக் காப்பாற்றியது அந்த மாத்திரைதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. லாரி டிரைவரும் மாத்திரையை விடாமல் எடுத்து, மனைவி அலாரம் வைத்து, ஒரு வருடத்தில் மறுபடி சில்லறை எண்ணினார். ஆனால் லேசான மறதி, மந்தம் பலருக்கு மாத்திரையிலும் முழுசாகப் போகவில்லை. உலகம் முழுக்க அப்படித்தான். அதற்குத் தனி மருந்து இன்றைக்கும் இல்லை. மருந்தில்லாத அந்த இடத்தில்தான் மறுபடி வல்லாரையும் அமுக்கராவும் நுழைந்தன.

இந்த இரண்டையும் பற்றி எழுதியிருப்பதைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வல்லாரை கொடுத்துப் பார்த்து அப்பாராவும் கூட்டாளிகளும் 1973இல் எழுதினார்கள். சிறிய ஆய்வு, முன்னேற்றம் என்றார்கள். நீர்ப்பிரமியை லக்னோ மருந்து ஆராய்ச்சிக் கழகம் பல வருடம் பிடித்து ஆராய்ந்தது. அமுக்கராவை மானேசர் மூளை ஆராய்ச்சி மையம் அல்சைமர் வந்த எலிகளுக்குக் கொடுத்து 2012இல் நல்ல சேதி சொன்னது. எச்.ஐ.வி.க்கு நேராகவே ஒன்று உண்டு. மயாமியில் உள்ள புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தில், அமுக்கராவின் வித்தாஃபெரின் என்ற சரக்கை, வைரஸின் டாட் புரதம் படிந்த நரம்பணுக்களில் விட்டுப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். சேதப்படுத்தும் அமிலாய்டு புரதம் குறைந்ததாம். அணுவில் குறைந்தது, எலியில் தெளிந்தது. எச்.ஐ.வி. உள்ள மனிதன் சில்லறை எண்ணினானா என்ற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை. நீமச்சிலிருந்து மூட்டையில் வந்த கிழங்கு மயாமியில் சோதனைக் குழாயில் ஏறியிருக்கிறது, ஜெனரல் ஆஸ்பத்திரி வரைக்கும்தான் நடக்கவில்லை.

நோயாளிகள் ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சாப்பிட்டார்கள், எங்களிடம் சொல்லாமல். டாக்டர் திட்டுவார் என்ற பயம். நாட்டு மருந்தா, அதை நிறுத்து என்ற ஒரே பதிலை அவர்கள் பலமுறை கேட்டிருந்தார்கள். சொல்லாததால் வந்த ஆபத்துதான் மிளகு. அந்தக் காலத்து அரசு மாத்திரையில் நெவிரபின் என்ற மருந்து இருந்தது. 2007இல் இந்திய ஆய்வாளர்கள் இருவர் ஆரோக்கியமான ஆட்களுக்கு மிளகின் சாரமான பைப்பரினைச் சில நாள் கொடுத்து, பிறகு நெவிரபின் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். நெவிரபின் அளவு வழக்கத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. நெவிரபின் அளவு மீறினால் ஈரலுக்கும் தோலுக்கும் நல்லதல்ல. இதைப் படித்த அன்று எனக்கு அந்த இரட்டிப்புச் சூரணம்தான் ஞாபகம் வந்தது. மிளகு எட்டு, திப்பிலி பதினாறு. பூண்டு மாத்திரை நேர்மாறாக, சாக்வினாவிர் என்ற மருந்தை ரத்தத்தில் பாதியாகக் குறைத்தது என்று 2002இல் அமெரிக்காவில் கண்டார்கள். பக்கவாத்தியமாக வந்தது பாட்டை ஏற்றவும் இறக்கவும் செய்கிறது.

இன்னொரு குழப்பம், அதே நோய்க்குக் கொடுத்த எஃபவிரென்ஸ். ராத்திரி மாத்திரை. கெட்ட கனவு, தலைச்சுற்றல், பகலில் மந்தம் இதெல்லாம் அந்த மருந்தின் குணம். நோயாளி அதை மூளை போகிறது என்று எடுத்துக்கொண்டு வல்லாரை தேடிப் போவார். மாத்திரையை மாற்றினாலே தெளியும் ஆட்களுக்கு ராசப்ப செட்டி தெருவில் அரைக் கிலோ வல்லாரைப் பொடி.

அதனால் கடைசி வருடங்களில் நான் ஒன்று செய்தேன். மாத்திரை கொடுக்கும்போது, "வேற என்ன சாப்பிடுறீங்க" என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். "எங்க நைனா நாட்டு மருந்துக் கடையில இருந்தவர். வீட்ல என்ன பொட்டலம் இருக்கோ அடுத்த தடவை எடுத்துட்டு வாங்க, பார்க்கிறேன்" என்பேன். கொண்டுவந்தார்கள். பைக்குள்ளிருந்து கொட்டினால் ஜன்னல் நிறைந்துவிடும். வல்லாரைப் பொடி, நெல்லிக்காய் லேகியம், அயச்செந்தூரம், கேரளத்துக் கஷாய பாட்டில், ஏதோ கம்பெனியின் ஞாபகசக்தி கேப்ஸ்யூல், ஒருமுறை பிள்ளையின் பரீட்சைக்கு வாங்கிய பிரமி டானிக். மொட்டைப் பொட்டலமாக, பேரில்லாமல் வந்தவற்றைத்தான் நிறுத்தச் சொன்னேன். சாம்பல் நிறத்தில், விரல் நுனியில் ஒட்டி, எடை மீறிக் கனத்தால் உலோகம் என்று நைனா சொல்லிக்கொடுத்திருந்தார். மற்றதை டாக்டரிடம் காட்டச் சொல்லிச் சீட்டின் பின்பக்கம் எழுதி அனுப்புவேன். டாக்டர்களில் சிலர் படித்தார்கள்.

இப்போது கொடுப்பது டொலுடெகிராவிர் சேர்ந்த மாத்திரை. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் இதைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும்; ஆகவே அந்த மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுக்கச் சொல்வார்கள். சங்கு பற்பம் சுண்ணாம்புதான், அயச்செந்தூரம் இரும்புதான். எனக்குத் தெரிந்த மருந்துப் புத்தகம் எதுவும் இவற்றின் பேரைப் போடவில்லை, கணக்கு நான் போட்டது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் கொண்டித்தோப்பிலிருந்து வந்த அம்மா ஒருத்தர், வயிற்றெரிச்சலுக்குச் சங்கு பற்பமும் மறதிக்கு வல்லாரையும் வைத்திருந்தார். பற்பம் காலையில், ஆஸ்பத்திரி மாத்திரை ராத்திரி ஒன்பது மணிக்கு, நடுவில் எதையும் நகர்த்தாதீர்கள் என்றேன். வல்லாரையைப் பொடியாக வேண்டாம், கீரையாக வாங்கிக் கூட்டு வையுங்கள், தேற்றும், தீர்க்காது என்றேன். தலையாட்டிவிட்டு, யாரோ சொல்லிப் பத்து வருடமாக மிளகு ரசமே வைப்பதில்லை, இனியாவது வைக்கலாமா என்று கேட்டார். ரசத்தில் போடும் மிளகு அந்த அளவுக்கு அப்போதும் கணக்கில்லை, உங்கள் மாத்திரையில் இப்போது நெவிரபினும் கிடையாது, தாராளமாக வையுங்கள் என்றேன்.